ஈரத் தரையிலும் வகுப்பு வேண்டும்

அக்டோபர் பாதி கடந்ததும் சென்னையின் ஸ்கேட்டிங் வகுப்புகளுடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்: 'தரை ஈரமாக இருக்கிறது, இன்று வகுப்பு இல்லை.' மழை கொட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விடியற்காலையில் ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தாலே போதும். பெற்றோர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் இன்லைன் ஸ்கேட்டுகள் பையோடு செருப்பு அலமாரிக்கு மேலே ஏறிவிடுகின்றன. சிலருடையவை பொங்கல் கழிந்த பிறகுதான் கீழே இறங்குகின்றன.

ஈரத்தில் ஸ்கேட்டிங் கூடாது என்பதைப் பயிற்சியாளர், கடைக்காரர், பெற்றோர், பக்கத்து வீட்டு மாமா எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும்: வழுக்கும், பிரேக் பிடிக்காது, பேரிங் போய்விடும், சளி பிடிக்கும், உலகத்தில் எங்கேயும் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்து முழுத் தடை போட்டுவிட்டார்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன். ஈரத் தரையில் ஸ்கேட்டிங் கற்றுக்கொடுக்க முடியும், கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், கற்றுக்கொடுக்காமல் விடுவதுதான் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது என் கட்சி.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தேங்கிய சாலையில் யாரும் ஸ்கேட் கட்டக் கூடாது. கணுக்காலளவு நீர் நின்றாலே அடியில் பள்ளம் இருக்கிறதா, பாதாளச் சாக்கடையின் மூடி திறந்து கிடக்கிறதா என்று தெரியாது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர் போன செய்திகளை நாம் எத்தனையோ படித்துவிட்டோம். இடி மின்னல் இருக்கும்போது வேண்டாம். இருட்டில் வேண்டாம். வண்டி ஓடுகிற சாலை காய்ந்திருந்தாலும் வேண்டாம், நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இருபுறமும் சரிவு கட்டி மேலே பூச்சு போட்ட பந்தயத் தடத்தில் மழை விழுந்தால் போட்டியையே நிறுத்திவைப்பார்கள், அதுவும் சரிதான். நான் பேசுவது, மழை ஓய்ந்து, நீர் வடிந்து, நிறம் மட்டும் கறுத்துக் கிடக்கிற தார்த் தளத்தைப் பற்றி. பள்ளி மைதானத்தைச் சுற்றிப் போகிற தார்ப்பாதை, மனை விற்பதற்காகப் போட்டுவிட்டு இன்னும் வீடு எழும்பாத புறநகர் லேஅவுட் சாலை, ஞாயிறு காலையில் கயிறு கட்டி மறித்த உள்சாலை. பருவமழை மாதங்களில் நமக்குப் பெரும்பாலும் வாய்ப்பது இந்தத் தளம்தான். இதையும் வெள்ளத்தையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவதுதான் கோளாறின் தொடக்கம்.

இந்தத் தடை நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. தேசிய ரோலர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடப்பது பெரும்பாலும் டிசம்பரில். ஆக, ஆண்டின் முக்கியமான போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் நம் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது ஏதோ பொழுதுபோக்கு, போனால் போகட்டும் என்று சொல்லிவிட முடியாது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் பந்தயத்தில் இந்தியாவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வெண்கலம் வென்றன. ஆண்கள் அணியில் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார், பெண்கள் அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் இருந்தார். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹேவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆனந்த்குமார் 1,000 மீட்டர் ஸ்பிரிண்டிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். மாரத்தான் என்பது கூரை போட்ட ரிங்க்கில் நடப்பதில்லை. வானம் திறந்த சாலையில் நடப்பது. அந்த வானம் நம் வகுப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டா பெய்யும்?

இனி காரணங்களுக்கு வருகிறேன். முதலாவது, முக்கியமானது: வழுக்கும்.

வழுக்கும்தான். ஆனால் எது வழுக்குகிறது, ஏன் வழுக்குகிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்கிற விளக்கம் தவறு. வீலுக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து ஸ்கேட்டை மேலே தூக்கிவிடும், கார் மழையில் மிதந்து கட்டுப்பாட்டை இழப்பதுபோல ஆகிவிடும் என்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹோர்னும் அவருடன் இருந்தவர்களும் விமான டயர்களை வைத்து இந்த மிதப்பை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட விதி எளிமையானது: டயரின் அழுத்தம் கூடினால் மிதக்கத் தேவையான வேகமும் கூடும். 32 பிஎஸ்ஐ காற்றடைத்த கார் டயர், தண்ணீர் நிற்கும் சாலையில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். இப்போது ஸ்கேட்டைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் உருளும்போது நான்கு வீல்கள் தரையைத் தொடுகின்றன. ஒவ்வொன்றும் தொடுகிற இடம் ஏறத்தாழச் சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தம். கார் டயருக்கு அது இரண்டேகால் கிலோதான். ஹோர்னின் சூத்திரம் காற்றடைத்த டயருக்கானது, கெட்டி யூரித்தேன் வீலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அழுத்தம் கூடினால் நீர் விலகும் என்கிற அடிப்படை மாறாது. மணிக்கு 15 கிலோமீட்டரில் உருளுகிற பிள்ளை தண்ணீரின் மேல் மிதந்து போவதற்கு வழியே இல்லை.

பிறகு ஏன் விழுகிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று தளம், இன்னொன்று உதை.

தளத்தை எடுத்துக்கொள்வோம். தார்ச்சாலையைக் குனிந்து பார்த்தால் ஜல்லியின் முனைகள் மேலே துருத்திக்கொண்டிருக்கும், நடுவே பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் அந்தப் பள்ளங்களில் இறங்கிவிடும். முனைகள் மெல்லிய ஈரப் படலத்தைக் கிழித்துக்கொண்டு வீலைத் தொடும். யூரித்தேன் மிருதுவாக இருந்தால் அந்த முனைகள்மேல் படிந்து கவ்வும். வழவழப்பான சிமென்ட் தளத்திலோ, டைல்ஸிலோ, கிரானைட்டிலோ தண்ணீர் போய் ஒளிவதற்குப் பள்ளம் கிடையாது. அங்கே கண்ணுக்கே தெரியாத படலம் போதும், கால் பறந்துவிடும். சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் அப்படித்தான். சூடாக உருக்கி ஊற்றுகிற அந்தப் பெயின்ட் ஜல்லியின் பள்ளங்களை அடைத்துவிடுகிறது, இரவில் மின்னுவதற்காக அதில் கண்ணாடி மணிகளும் கலந்திருக்கிறார்கள். காய்ந்த நாளில் அதன்மேல் போவதே தெரியாது, நனைந்த நாளில் அதுதான் முதல் எதிரி. பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, வேகத்தடையின் மஞ்சள் பட்டை, உதிர்ந்து ஊறிய இலைகள் எல்லாம் இதே ஜாதி.

போன மழைக்காலத்தில் ஒரு லேஅவுட் சாலையில் பார்த்தது. பதினோரு வயதுச் சிறுமி, நன்றாக ஓட்டுகிறவள். நனைந்த தாரில் நிதானமாகவே வந்தாள், கால் எங்கும் வழுக்கவில்லை. வேகத்தடை நெருங்கியதும் அதன் மேல் இருந்த பெயின்ட் பட்டையில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கினாள். அந்த நொடியில் வலது ஸ்கேட் பக்கவாட்டில் ஒரு சாண் தூரம் வெட்டி இழுத்துக்கொண்டு போனது. இடுப்பில் விழுந்தாள். எழுந்ததும் அவள் சொன்னது, "தார் வழுக்குது சார்." தார் வழுக்கவில்லை. அந்தப் பட்டையை இரண்டு காலையும் ஒட்டி வைத்து, உதைக்காமல், வளையாமல், நேராகக் கடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதை அவளுக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் ஈரமான நாளில் அவளுக்கு வகுப்பே நடந்ததில்லை. அன்றைக்கே அதே பட்டையைத் திரும்பத் திரும்பக் கடந்து பழகினாள், அதற்குப் பிறகு விழவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வாரம் காய்ந்த சாலையில் விழுகிற முதல் தூறல்தான் மோசம். வண்டிகள் சிந்திய எண்ணெயும் புழுதியும் டயர்த் தூளும் அந்தக் கொஞ்ச நீரில் குழைந்து பசையாகிவிடும். நல்ல மழை அடித்துக் கழுவிவிட்ட பிறகு அதே சாலை எவ்வளவோ தேவலை. நம் வழக்கமோ தலைகீழ். முதல் தூறலில் 'லேசாகத்தானே நனைந்திருக்கிறது' என்று வகுப்பை நடத்திவிடுகிறோம், அடைமழை கழுவித் துடைத்த மறுநாள் காலை ரத்து செய்கிறோம்.

சரி, ரத்து செய்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இதைப் பற்றித் தடைக்காரர்கள் பேசுவதே இல்லை. பத்து வயதுப் பிள்ளை மூன்று மாதம் ஸ்கேட்டைத் தொடாமல் இருக்குமா? அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கார் பார்க்கிங்குக்குப் போகிறது. மேலே கூரை இருக்கிறது, மழை விழாது, அதனால் பாதுகாப்பு என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தளத்தைக் கொஞ்சம் பாருங்கள். வழவழவென்று இழைத்த சிமென்ட், அல்லது டைல்ஸ். மழையில் நனைந்து வந்த கார்கள் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் நீர் சொட்டி அங்கங்கே திட்டு திட்டாகக் கிடக்கும். காய்ந்த இடத்தில் வேகம் எடுத்து வருகிற கால் திடீரென்று ஈரத்திட்டில் ஏறும். பக்கத்திலேயே கான்கிரீட் தூண், காரின் பம்பர், பைக்கின் ஃபுட்ரெஸ்ட். அதுபோக, வீட்டுக்குக் கீழேதானே என்று ஹெல்மெட்டும் போடுவதில்லை. முழுக்க நனைந்த தார்ச்சாலையில் தரை எங்கும் ஒரே சீராக இருக்கும், பிள்ளை அதற்கேற்பக் காலை வைத்துக்கொள்ளும். பாதி நனைந்த டைல்ஸ் தளத்தில் கால் எதை நம்பும்? பாதுகாப்பு என்று சொல்லி அதிக வழுக்கலான தளத்துக்குப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறோம், அதுவும் பயிற்சியாளர் இல்லாமல்.

விழுவதற்கான இரண்டாவது காரணம், உதை. ஸ்கேட்டிங்கில் முன்னே போவதற்கான விசை பக்கவாட்டு உதையிலிருந்து வருகிறது. காய்ந்த தரையில் பிள்ளை அதைச் சரியாகச் செய்தாலும் தரை தாங்கும், தப்பாகச் செய்தாலும் தாங்கும். பின்பக்கமாக உதைக்கிற பிள்ளை, கடைசியில் முன்விரலால் சுண்டிவிடுகிற பிள்ளை, எடையை மாற்றாமலே காலை நீட்டுகிற பிள்ளை எல்லோரும் காய்ந்த தரையில் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஈரத்தில் அது நடக்காது. பின்னால் உதைத்த கால் உடனே நழுவும், முன்விரலால் சுண்டியது அந்த இடத்திலேயே வீணாகும். பயிற்சியாளர் பத்து முறை கத்திச் சொல்லியும் ஏறாத பாடத்தை நனைந்த தரை ஒரே காலையில் ஏற்றிவிடுகிறது: முட்டி மடங்கியிருக்கட்டும், எடை நடுவில் நிற்கட்டும், உதை குட்டையாகட்டும், நேர்ப் பக்கவாட்டில் குதிகாலோடு அழுத்தி, முழுதும் நீளும் முன்பே காலை எடுத்துவிடு. வளைவில் காலைக் குறுக்கே போட்டுச் சாய்வதை விட்டுவிட்டு இரண்டு காலும் தரையில் இருக்க அகலமாகச் சுற்று. வேகப் பந்தயக்காரர்கள் செய்கிற இரட்டை உதை ஈரத்தில் வேலைக்கு ஆகாது, அதை அன்றைக்கு மறந்துவிடு. இப்படி ஒரு மாதம் ஓட்டிய பிள்ளையை டிசம்பரில் காய்ந்த தடத்தில் விட்டுப் பாருங்கள். உதையில் ஒரு சுத்தம் வந்திருக்கும்.

அடுத்து, பிரேக் பிடிக்காது என்கிறார்கள். குறைவாகப் பிடிக்கும் என்பது உண்மை. குதிகால் ரப்பர் பிரேக் இழுத்துக்கொண்டு போகும், ஒரு காலைப் பின்னால் குறுக்கே வைத்து நிறுத்துகிற டி-ஸ்டாப் ஏறக்குறைய வழுக்கிக்கொண்டே வரும். ஆனால் நிற்கும் தூரம் பிரேக்கை மட்டுமே பொறுத்ததில்லை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காய்ந்த தரையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிற பிள்ளை 6 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்வாசியாகும், அதாவது ஒன்றரை மீட்டர். ஈரத்தில் பிடிமானம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றே கொண்டாலும் அந்த ஒன்றரை மூன்று ஆகும். காய்ந்த நாளில் தேவைப்பட்ட தூரத்தில் பாதி. ஈரத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவர், காய்ந்த தரையில் 20இல் பறக்கிறவரைவிடச் சீக்கிரம் நிற்கிறார். வேகத்தைக் குறை என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க வேண்டியதற்கு, வெளியே வராதே என்று விதி செய்துவிட்டோம். நிறுத்துவதற்கும் வழி இருக்கிறது. கால்களை அகட்டி, முன்விரல்களை உள்நோக்கித் திருப்பி, இரண்டு காலிலும் சமமாக மெல்ல அழுத்தினால் ஈரத்திலும் நிற்கலாம். இரண்டு காலும் தரையில் இருப்பதால் ஒன்று நழுவினால் மற்றது தாங்கும்.

பேரிங் விஷயத்துக்கு வருவோம். பெற்றோரின் பையைத் தொடுகிற காரணம் இது, அதனால்தான் இவ்வளவு செல்வாக்கு. 'மழையில் ஓட்டினால் பேரிங் போச்சு, ரெண்டாயிரம் ரூபாய் தண்டம்' என்று பயமுறுத்துகிறார்கள். நான்கு வீல் ஸ்கேட்டில் ஜோடிக்குப் பதினாறு பேரிங்குகள். பெரும்பாலும் 608 என்கிற அளவு: வெளிவிட்டம் 22, உள்விட்டம் 8, தடிமன் 7 மில்லிமீட்டர். ஸ்கேட்டுக்கென்று பிறந்த அபூர்வப் பொருள் ஒன்றும் இல்லை, சின்ன மோட்டார்களில் ஓடுகிற அதே பேரிங்தான். பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடையில் நம்பர் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், சாதாரண ரகம் ஒரு செட்டே சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஏபெக் 9 வாங்குங்கள், மழைக்கும் தாங்கும் என்று சொல்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம். ஏபெக் எண் என்பது அளவின் துல்லியத்தைக் குறிக்கிறது, தண்ணீரைத் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மழைக்காலத்துக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு, எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் வைத்த பேரிங். சுழற்சி சற்று மந்தம்தான். மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் அது ஒரு குறையா?

துருவைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஈரம் பட்ட அன்றே பேரிங் செத்துவிடுவதில்லை. ஈரத்தோடு பையில் போட்டு ஜிப்பை இழுத்து, அடுத்த ஞாயிறு வரை திறக்காமல் வைத்தால்தான் சாகிறது. பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், மழையே படாத பேரிங்குகூட உப்புக் காற்றில் சும்மா கிடந்தே இறுகிவிடும். செய்ய வேண்டியது அன்று வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேர வேலை. ஆலன் கீயால் அச்சைக் கழற்றி வீல்களை எடுக்க வேண்டும். ஃபிரேமைப் பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். பேரிங்கை வீலிலிருந்து தள்ளி எடுத்து, ஊசி முனையால் ரப்பர் மூடியை நெம்பினால் உள்ளே ஏழு குண்டுகள் தெரியும். சாம்பல் நிறத்தில் குழம்பு கட்டியிருந்தால் அது மண்ணும் கிரீஸும், ஆரஞ்சு நிறப் புள்ளி தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கிக் கழுவி, துணியில் தட்டி, ஃபேனுக்கடியில் உலர்த்தி, புதிதாகக் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடியை அழுத்தினால் முடிந்தது. கிரீஸ் இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. துரு நீக்குகிற ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு விடுவது போதாது, அது நீரோடு பழைய மசகையும் சேர்த்து வெளியேற்றிவிடும். பூட்டின் உள்ளுறையைக் கழற்றித் தனியே காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் நாறும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தானே செய்யலாம், தன் கருவியைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த பிள்ளை அதை மதிக்கவும் கற்றுக்கொள்ளும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக மூன்று மாதப் பயிற்சியைக் கைவிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

வீலைப் பற்றிக் கொஞ்சம். பந்தய வீல்கள் பொதுவாகக் கெட்டியானவை, கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 84, 85 என்று வரும். ஈரத்துக்கு அதைவிட மிருதுவானது வேண்டும், 78 அல்லது 80. சாலைப் பந்தயக்காரர்களுக்கென்று மழை வீல்களைத் தனியாகவே செய்து விற்கிறார்கள். மழையில் யாரும் ஓட்டவே மாட்டார்கள் என்றால் அந்த வீலை எவருக்காகச் செய்கிறார்கள்? நமக்கு இயற்கையே ஒரு சலுகையும் தந்திருக்கிறது. யூரித்தேன் குளிரில் இறுகும், வெதுவெதுப்பில் இளகும். இன்லைன் மாரத்தான் நடக்கிற பெர்லினில் செப்டம்பர் கடைசியில் மழை பெய்தால் தரை சில்லென்று இருக்கும், வீல் இன்னும் கெட்டிப்படும். சென்னையில் நவம்பர் மழைக் காலையிலும் அவ்வளவு குளிர் இருக்காது. பெர்லினில் அந்தக் குளிரிலேயே ஓட்டுகிறார்கள்.

உலகத்தில் எங்கேயும் செய்வதில்லை என்கிற வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். பாரிஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் மோன்பர்னாஸ் பக்கமிருந்து கிளம்புகிற பெரிய ஸ்கேட்டிங் ஊர்வலம் தரை நனைந்திருந்தால் ரத்து. லண்டனின் வெள்ளிக்கிழமை ஓட்டமும் அப்படித்தான். தடைக்காரர்கள் உடனே காட்டுவது இவற்றைத்தான். அது கூட்டத்துக்கான விதி. யார் எவ்வளவு தேர்ந்தவர் என்று தெரியாத பெருந்திரள், இரவு நேரம், நகரத் தெரு, காலுக்குக் கீழே வரிக்கோடுகளும் கல் பாவிய இடங்களும். ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள். அவர்கள் ரத்து செய்வது நியாயம், நானும் அங்கே இருந்தால் ரத்து செய்யவே சொல்வேன். பத்துப் பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர், பகல் வெளிச்சம், மறித்த சாலை என்கிற வகுப்புக்கு அந்த விதியைக் கொண்டுவந்து ஒட்டுவது எப்படிப் பொருந்தும்? மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெர்லின் மாரத்தானின் இன்லைன் போட்டி மழையிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1996 முதல் டூ ஹார்பர்ஸ் ஊரிலிருந்து டுலூத் வரை ஓடுகிற நார்த்ஷோர் இன்லைன் மாரத்தானும் மழையில் நடந்திருக்கிறது. இன்லைன் ஸ்கேட் பரவியதே அந்த மின்னசோட்டாவிலிருந்துதான். 1980இல் மினியாபொலிஸில் ஓல்சன் சகோதரர்கள் பனி ஹாக்கிக்காரர்களின் கோடைக்காலப் பயிற்சிக்காக ரோலர்பிளேடைத் தயாரித்து விற்றார்கள். பனி உருகிய பிறகு விளையாட்டை மூட்டை கட்டக் கூடாது என்பதற்காகப் பரவிய ஒரு கருவியை, மழை வந்ததும் மூட்டை கட்டுகிறோம்.

சளி பிடிக்கும் என்பதற்கு நீளமாகப் பதில் வேண்டியதில்லை. சளி கிருமியால் வருகிறது. முடிந்ததும் தலையைத் துவட்டி உடை மாற்றிக்கொண்டால் போதும். மழையில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு ஆகாதது எதுவும் ஸ்கேட் கட்டிய பிள்ளைக்கும் ஆகாது.

இந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில் வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளருக்கு இருக்கிற பயம். காய்ந்த நாளில் பிள்ளை விழுந்து கை முறிந்தால் அது விளையாட்டில் சகஜம். ஈரமான நாளில் விழுந்து சிராய்த்தாலே, 'மழையில் ஏன் சார் ஓட விட்டீங்க?' என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். வகுப்பை ரத்து செய்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நம் பயிற்சியாளர்களில் பலர் கைக்காசு போட்டு, வாடகைக்கு இடம் பிடித்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து நிற்பவர்கள். ஒரு புகார் வந்தால் அந்த மைதானமே அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் பயப்படுவது பழிக்கு. அந்தப் பயத்தைத் தரைமீதும் தண்ணீர்மீதும் ஏற்றிச் சொல்லும்போது பிள்ளைகளுக்குத் தவறான பாடம் போய்ச் சேருகிறது. ஈரம் என்பது தொடவே கூடாத ஒன்று என்று நம்பி வளர்ந்த பிள்ளை, பந்தயத்தின் நடுவில் தூறல் போட்டால் என்ன செய்யும்? உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். விறைத்த முட்டிதான் விழ வைக்கிறது.

இந்தப் பழியைப் பயிற்சியாளர் தலையில் மட்டும் வைக்காமல் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறது. சேர்க்கையின்போதே ஈரத் தரைப் பயிற்சியும் பாடத்தில் உண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஹெல்மெட், முட்டிக் காப்பு, முழங்கைக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு ஆகிய நான்கும் இல்லாத பிள்ளைக்கு அன்று அனுமதி இல்லை. இடுப்பில் விழுவது ஈரத்தில் அதிகம் என்பதால் உள்ளே பஞ்சு வைத்த அரைக்கால்சட்டை இருந்தால் இன்னும் நல்லது. நடக்கவே தடுமாறுகிற புதுப்பிள்ளைகளை முதல் மழைக்காலத்தில் சேர்க்க வேண்டாம், காய்ந்த தரையில் நிற்கத் தெரிந்தவர்களிடமிருந்து தொடங்கலாம். வகுப்புக்கு முன் பயிற்சியாளர் தளத்தை நடந்து பார்த்து, பெயின்ட் கோடு, இரும்பு மூடி, இலைக் குப்பை இருக்கிற இடங்களில் கூம்பு வைத்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஸ்கேட் கட்டியபடி நடை மட்டும், பிறகு உருளல், பிறகு நிறுத்தம், கடைசியில்தான் வளைவு.

பெற்றோரும் வந்து ஓரமாக நின்று பார்க்கட்டும். நனைந்த தாரில் நடைவேகத்தில் வருகிற பிள்ளை, பயிற்சியாளர் வைத்த கூம்புக்கு முன்னால் விழாமல் நிற்கிறதா என்பதுதான் தேர்வு. நின்றுவிட்டால் அடுத்த வாரம் சற்றுக் கூடுதல் வேகம். நிற்காவிட்டால் அதே வேகம், அதே கூம்பு, மறுபடியும்.